பதினெட்டு ஓடுகள்

கேட்டது பதினெட்டு ஓடு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வரப்போகும் கூத்தில் இது மறந்துபோகும். எங்கள் அலுவலகத்தில் ஒரே வாரத்தில் மறந்துபோனது.

கல்வராயன் மலையில், கரியாலூரில் பஸ்ஸை விட்டு இறங்கி ஆறு மைல் நடந்தால் ஈச்சம்பாறை. அங்கே ஓராசிரியர் பள்ளி ஒன்று இருந்தது. ஒரே அறை, கல்சுவர், சீமை ஓட்டுக் கூரை, நாற்பத்தொரு பிள்ளைகள். தலைமை ஆசிரியர், உதவி ஆசிரியர், மணி அடிக்கிறவர், கூட்டிப் பெருக்குகிறவர் எல்லாமே வியாகுலம் என்கிற ஒரே மனிதர்தான். தியாகதுருகம் பக்கத்து ஆள். மழைக்கு ஒழுகுகிறதே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மேசைமேல் பெஞ்சியைப் போட்டு ஏறி, விரிசல் விட்ட ஓடுகளைக் கண்டுபிடித்து, அவற்றின் அடிப்பக்கத்தில் சுண்ணாம்பால் ஒன்று, இரண்டு என்று நம்பர் எழுதினார். மாற்ற வருகிற கொத்தனார் தடுமாறக் கூடாதாம். பதினெட்டு வந்தது. கீழே இறங்கி வந்து மனு எழுதினார்.

அந்த மனு வந்து சேர்ந்த இடம் கள்ளக்குறிச்சியில் இருந்த மலைப்பகுதிப் பள்ளிக் கட்டடச் சீரமைப்பு முன்னேற்றத் திட்ட அலுவலகம். அங்கே நான் தட்டச்சர். பெயர் மணிமொழி. இந்தக் கதையில் வரும் எல்லா சதவீதத்தையும் அடித்தது என் விரல்கள்தான், அதனால் யாரையும் திட்டுவதற்கு முன்னால் என்னைத் திட்டிக்கொள்ளலாம்.

திட்ட அலுவலர் தீனதயாளன் நல்ல மனிதர். லஞ்சம் வாங்க மாட்டார். அதுதான் கொடுமை, வாங்குகிறவராக இருந்தால் கொடுத்தாவது வேலையை முடித்திருக்கலாம். மனுவைப் படித்துவிட்டு, அதைக் கொண்டுவந்த வியாகுலத்தை உட்காரச் சொன்னார். அது 1987 ஏப்ரல் மாதம்.

"மொத்தமே பதினெட்டு ஓடுதாங்க ஐயா," என்றார் வியாகுலம். "ஓட்ட மட்டும் குடுத்தீங்கன்னா போதும், நானே ஏறி மாத்திக்குவேன்."

"வாத்தியாரே, ஓடு மாத்துறதுக்கு நம்ம திட்டத்துல வழி கெடையாது. முழு சீரமைப்புக்குத்தான் வழி. மொதல் கட்டம், பழைய கட்டடத்த அகற்றுதல்."

"அகற்றுதல்னா இன்னாங்க?"

"இடிக்கிறதுங்க சார்," என்றேன் நான்.

வியாகுலம் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "செவுரு நல்லா இருக்குதுங்களே ஐயா."

"நல்லா இருந்தா நீங்க எதுக்கு மனு குடுத்தீங்க?"

வியாகுலம் மனுவை எடுத்து மறுபடி ஒருமுறை படித்துப் பார்த்தார். பதினெட்டு ஓடு என்றுதான் எழுதியிருந்தது.

ஜூன் மாதம் கடப்பாரையோடு ஆள் போய் ஒரே நாளில் இடித்துவிட்டார்கள். இடித்த பொருளை வீணாக்கக் கூடாது என்பது விதி. அதனால் ஓடுகளைத் தலைச்சுமையாகக் கரியாலூருக்கு இறக்கி, அங்கிருந்து லாரியில் கொண்டுவந்து அலுவலகத்தின் பின்புறம் அடுக்கினார்கள். உடைந்தது, உடையாதது, விரிசல் விட்டது எல்லாம் சேர்த்துத்தான். எண்ணிக்கை சரியாக இருக்க வேண்டுமே. பூட்டையும் சாவியையும் மட்டும் வியாகுலம் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார். புதுக் கட்டடத்துக்கு ஆகும் என்றார், பாவம்.

படிவத்தின்படி முதல் கட்டம் முடிந்தால் இருபது சதவீதம். ஒரே நாளில் இருபது சதவீத முன்னேற்றம் கண்ட பள்ளி என்று ஈச்சம்பாறைக்குக் கடலூர்க் கூட்டத்தில் பாராட்டு கிடைத்தது. தீனதயாளன் திரும்பி வந்த வேகத்தில் மலையில் மீதி இருந்த முப்பத்திரண்டு பள்ளிகளுக்கும் கடப்பாரை போனது. ஜூலை முடிவதற்குள் முப்பத்து மூன்று பள்ளியும் தரைமட்டம். ஊழியர் கூட்டம் போட்டுக் காராசேவும் காபியும் கொடுத்தார்.

"கட்டுறதுக்குச் செங்கல் வேணும், சிமெண்டு வேணும், நாலு பேரு ஒத்துழைக்கணும்," என்று அவர் பேசினார். "இடிக்கிறதுல யார் தயவும் நமக்குத் தேவையில்ல. இந்த ஆபீசோட உண்மையான தெறமை எதுன்னு இப்பதான் வெளிய தெரிஞ்சிருக்குது." எல்லோரும் கை தட்டினோம். நானும் தட்டினேன்.

அதற்குப் பிறகுதான் மாதாந்திர முன்னேற்ற அறிக்கை என்கிற சங்கடம் ஆரம்பித்தது. இந்த மாதச் சதவீதம் போன மாதத்தைவிடக் கூடியிருக்க வேண்டும். அப்படியே இருந்தால் ஏன் என்று மூன்று பிரதியில் விளக்கம் எழுத வேண்டும். குறைந்தால் என்ன செய்வது என்று விதியிலேயே இல்லை. அப்படியும் நடக்கும் என்று அதை எழுதினவர்களுக்குத் தோன்றவில்லை.

"சார், ஈச்சம்பாறைக்கு எவ்ளோ போடட்டும்?"

"போன மாசம் எவ்ளோ?"

"இருவத்தாறு."

"முப்பத்தொண்ணு போடும்மா."

"இன்னா வேல நடந்துச்சின்னு போடட்டும் சார்?"

"நடைபெற்று வருகிறதுன்னு போடு. எது நடைபெற்று வருதுன்னு அவங்களும் கேக்க மாட்டாங்க, நாமளும் சொல்ல வேணாம்."

அறிக்கையில் பள்ளித் தலைமை ஆசிரியரின் கையெழுத்து வேண்டும். அதற்காக வியாகுலம் மாதம் ஒருமுறை மலையிறங்கி வருவார். முதல்முறை பேனாவைத் திறந்தவர் திரும்ப மூடிவிட்டார்.

"இல்லாத செவுத்துக்கு எப்பிடிங்க ஐயா கையெழுத்து போடுறது?"

"போடலன்னா ஒங்க ஸ்கூல திட்டத்துல இருந்தே தூக்கிடுவாங்க. அப்புறம் அந்தச் செவுரு எந்தக் காலத்துலயும் வராது," என்றார் தீனதயாளன். மிரட்டலாக அல்ல, உண்மையான அக்கறையோடு சொன்னார்.

வியாகுலத்துக்கு வேறு ஒரு பயமும் இருந்தது. இருபது பிள்ளைகளுக்குக் கீழே போனால் பள்ளியை மூடிக் கரியாலூர்ப் பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள். ஆறு மைல் காட்டுவழி, நடுவில் இரண்டு ஓடை. ஆறு வயதுப் பிள்ளை நடக்கிற தூரமா அது? பலாமரத்தடியில் உட்காரவைத்தே பாடம் நடத்திக்கொண்டிருந்தார். முப்பத்தாறு பிள்ளைகள்தான் வருகிறார்கள் என்றார். கையெழுத்துப் போட்டார்.

செப்டம்பர் மாதம் இடஒதுக்கீடு கேட்டு ஏழு நாள் சாலை மறியல் நடந்தது. சாலையோரத்துப் புளியமரங்கள் குறுக்கே கிடந்தன. பஸ் இல்லை, லாரி இல்லை. ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. சாவுச் செய்திகளும் வந்தன. அந்த வாரத்திலும் இருபதாம் தேதி வந்தது. அறிக்கைக்குக் கடைசி நாள் இருபது. வியாகுலம் மலையிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சி வரைக்கும் நடந்தே வந்தார். வேட்டியெல்லாம் புளியங்கிளை கிழித்திருந்தது. ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு வழியில் நடந்ததைச் சொன்னார்.

வெட்டிப் போட்ட மரத்தின்மேல் உட்கார்ந்திருந்தவர்கள் இவரை நிறுத்தி எங்கே போகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். பள்ளிக்கூடம் கட்டுகிற அறிக்கையில் கையெழுத்துப் போட என்று இவர் விவரம் சொல்ல, பழனி என்கிற ஒரு வயதான விவசாயி குடிக்கத் தண்ணீர் கொடுத்துக் கையைப் பிடித்து மரத்தைத் தாண்டிவிட்டிருக்கிறார்.

"எங்க புள்ளைங்க படிக்கணும், வேலைக்குப் போவணும்னுதான் சார் நாங்க நாலு நாளா ரோட்ட மறிச்சிகினு குந்தியிருக்கோம்," என்றாராம் பழனி. "ஒங்க ஆபீசு இன்னாத்துக்கு மாசக்கணக்கா மறிச்சிகினு குந்தியிருக்குது?"

தீனதயாளன் இதைக் கேட்டுச் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. அறிக்கையில் 'தாமதத்துக்கான காரணம்' என்றொரு கட்டம் உண்டு. இத்தனை மாதமாக அதில் எதை எழுதுவது என்று தெரியாமல்தான் தவித்துக்கொண்டிருந்தார்.

"மணிமொழி, சாலை மறியல்னு போடு."

போட்டேன். அக்டோபருக்கும் போட்டேன், நவம்பருக்கும் போட்டேன். பிறகு ஜூன் மாத அறிக்கையையும் எடுத்து அதே காரணத்தைச் சேர்த்துத் திரும்ப அடிக்கச் சொன்னார். மறியல் நடந்தது செப்டம்பரில்தானே சார் என்றேன்.

"மறியல் ஏழு நாளுதாம்மா. தாக்கம்னு ஒண்ணு இருக்குதில்ல? அது முன்னாடியும் இருக்கும், பின்னாடியும் இருக்கும்."

மரங்களை அப்புறப்படுத்தி பஸ் ஓட ஆரம்பித்துப் பல மாதம் ஆன பிறகும் எங்கள் அலுவலகக் காகிதத்தில் மறியல் நடந்துகொண்டே இருந்தது. ஈச்சம்பாறைக்கு ஒரு லாரி செங்கல்கூட யாரும் ஏற்றவில்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. பலாமரத்தடி சேறாகிவிட்டது. முனியன் என்கிற மலைக்காரர் தன் சாமைத் தானியம் கொட்டும் கொட்டாயைப் பள்ளிக்கு ஒழித்துக் கொடுத்திருந்தார். அறுப்பு வந்தால் காலி செய்ய வேண்டும். வியாகுலம் தற்காலிகக் கீற்றுக் கொட்டகை கேட்டு மனு கொண்டுவந்தார்.

"அது முடியாது வாத்தியாரே. ஒங்க கட்டடம் ஐம்பத்தெட்டு சதவீதம் முடிஞ்சிருக்குது. பாதிக்கு மேல முடிஞ்ச எடத்துக்குக் கொட்டக குடுத்தா தணிக்கையில மாட்டிக்குவோம். இப்ப எத்தினி புள்ளைங்க?"

"முப்பதுங்க."

"ஐம்பத்தெட்டு சதவீதக் கட்டடத்துல முப்பது புள்ளைங்க ஒக்கார எடம் இல்லியா?"

வியாகுலம் கணக்கும் சொல்லித்தருகிற வாத்தியார். எந்தக் கணக்கில் இதைத் தொடங்குவது என்று அவருக்கே புரியவில்லை.

டிசம்பரில் நேரடித் தணிக்கை என்று அலுவலகத்திலிருந்து ஒருவர் மலைக்குப் போகவேண்டி வந்தது. ஆண்கள் எல்லோருக்கும் அன்றைக்கு ஒரே சமயத்தில் முழங்கால் வலி. நான் போனேன். கரியாலூரிலிருந்து நடந்து, அட்டைக்கடி பட்டு, ஈச்சம்பாறை போய்ச் சேர்ந்தபோது பள்ளி இருந்த இடத்தில் நாலு மூலைக்கல்லும் முழங்கால் உயரப் புல்லும்தான் இருந்தன. முனியனின் கொட்டாயில் ஒரு பக்கம் ஆடுகள், மறுபக்கம் பிள்ளைகள். ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"அறுப்பு வந்துட்ச்சிம்மா," என்றார் முனியன். "சாமைய மழையில கொட்ட முடியாது. தை வரைக்கும் இழுத்துப் பாக்குறேன். கட்டடம் எப்ப வரும்னு கொஞ்சம் சொல்லிட்டுப் போங்க."

அவர் மகள் செல்லியம்மாள் அஞ்சாம் வகுப்பு. அந்த ஊரில் ஒரு பெண்பிள்ளை அஞ்சாம் வகுப்பு வரைக்கும் வந்தது அதுதான் முதல்முறை என்றார் வியாகுலம். வருடக் கடைசிப் பரீட்சையை முடித்துவிட்டால் கீழே விடுதிப் பள்ளியில் ஆறாம் வகுப்பு சேர்த்துவிடலாம் என்று அவர் எழுதிப்போட்டு ஏற்பாடு செய்திருந்தார். அந்தப் பெண் தன் நோட்டை ஒரு பழைய டால்டா டப்பாவில் போட்டு மூடி வைத்திருந்தாள். நனையாமல் இருக்க. திறந்து எனக்குக் காட்டினாள். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது.

"கட்டடம் வந்துடுங்களா?" என்று கேட்டாள்.

"வந்துடும்," என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய். ஏழு மாதப் பழக்கம்.

திரும்பி வந்ததும் ஆத்திரம் தாங்காமல், தணிக்கைக் குறிப்பில் 'கட்டடம் இல்லை' என்று அடித்துக் கொடுத்தேன். வேலை போனால் போகட்டும் என்று இருந்தது. தீனதயாளன் கோபிக்கவே இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் படிவத்தை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"எழுதலாம்மா, தப்பில்ல. இதுல 'இல்ல'ன்னு எழுத எங்க எடம் இருக்குது, காட்டு."

பார்த்தேன். அடித்தளம், சுவர், கூரை, பூச்சு என்று வரிசையாக இருந்தது. எல்லாவற்றுக்கும் எதிரே 'முன்னேற்றம்' என்றுதான் இருந்தது. இல்லை என்பதற்கு இடம் இல்லை. என் குறிப்பைக் கிழித்துவிட்டு எழுபத்தொன்று என்று அடித்தேன்.

தை மாதம் ஒரு கட்டடம் எழுந்தது. அதையும் சொல்லாவிட்டால் நியாயம் இல்லை. முப்பத்து மூன்று பள்ளியின் அறிக்கைகளும் விளக்கங்களும் பீரோவில் அடங்காமல் போகவே, அலுவலகத்தின் பின்புறம் பதிவேட்டு அறை ஒன்று கட்டினார்கள். இருபத்திரண்டே நாளில் முடிந்தது. கூரைக்குப் புது ஓடு வாங்கவில்லை, அடுக்கி வைத்திருந்த பழைய ஓட்டையே போட்டுக்கொண்டார்கள். என் மேசையும் தட்டச்சுப் பொறியும் அங்கே மாறின.

மலையில் முனியன் சாமையைக் கொட்டாயில் கொட்டினார். அவரைக் குறை சொல்ல முடியாது. பிள்ளைகள் பாறைமேல் உட்கார்ந்தார்கள். பனி, பிறகு வெயில். தாய் தகப்பன்கள் பிள்ளைகளைக் கடுக்காய் பொறுக்கவும் புளி உலுக்கவும் கூட்டிப்போனார்கள். வியாகுலம் வரும்போதெல்லாம் நான் கேட்பேன், அவர் சொல்வார். இருபத்தாறு. இருபத்து மூன்று. நான் எண்பத்து நாலு, தொண்ணூற்று மூன்று என்று அடித்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் முப்பத்தொன்றுக்குள் எல்லாம் நூறு சதவீதம் ஆகியாக வேண்டும். ஆனது. நூறு சதவீதம் ஆன கட்டடத்தைத் திறக்காமல் விடக் கூடாது. மலைக்குப் பாதை சரியில்லாததால் முப்பத்து மூன்று பள்ளிகளுக்கும் கள்ளக்குறிச்சி அலுவலக வளாகத்திலேயே திறப்பு விழா வைத்தார்கள். தரையில் சுண்ணாம்புத் தூளால் முப்பத்து மூன்று கட்டம் போட்டோம். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் பள்ளியின் பெயர். ஒவ்வொரு வாசலிலும் ரிப்பன். தலைமை ஆசிரியர்கள் அவரவர் கட்டத்துக்கு வெளியே வெயிலில் நின்றார்கள். மேலிடத்திலிருந்து வந்த அதிகாரி ஒரே கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வரிசையாக வெட்டிக்கொண்டே போனார். வெட்டியதும் ஆசிரியர் வலது காலை எடுத்து வைத்து உள்ளே போக வேண்டும். ஒரு ஆசிரியர் பக்கவாட்டுக் கோட்டைத் தாண்டி உள்ளே போனதற்கு, சுவர் ஏறிக் குதிக்காதீர்கள் என்று ஒலிபெருக்கியில் கண்டித்தார்கள்.

வியாகுலம் ஒழுங்காக வாசல் வழியே உள்ளே போய் நின்றார். குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

தீனதயாளன் நன்றியுரை சொன்னார். "கட்டடம் எங்கன்னு சில பேரு கேக்கலாம். கட்டடம் கட்டுறது கொத்தனார் வேல. நமக்குக் குடுத்த வேல முன்னேற்றம். அதுல ஒரு சதவீதம்கூட பாக்கி வைக்காம முடிச்சிருக்கோம். இதுக்கு மேல முன்னேற எடம் இல்லங்கிறத நெஞ்சத் தொட்டுச் சொல்றேன்." நடிப்பு இல்லை. அவர் நிஜமாகவே நம்பினார்.

நூறு சதவீதக் கட்டடம் உள்ள பள்ளிகளில் பிள்ளைகள் எத்தனை பேர் என்று ஏப்ரலில் மேலிடம் கேட்டது. ஈச்சம்பாறையில் பதினாலு. இவ்வளவு நல்ல கட்டடம் இருந்தும் மக்களுக்குப் படிப்பில் நாட்டம் இல்லை என்று வருத்தம் தெரிவித்துப் பள்ளியை மூட உத்தரவு வந்தது. பரீட்சைக்கு இரண்டு வாரம் இருந்தது. அந்த உத்தரவின் நகலையும் நான்தான் அடித்தேன். மூன்று படி.

மூடும் பள்ளியின் சாவியைத் தலைமை ஆசிரியர் அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். மே மாதம் ஒரு பிற்பகலில் வியாகுலம் பதிவேட்டு அறைக்கு வந்தார். வெளியே கோடை மழை கொட்டிக்கொண்டிருந்தது. பையிலிருந்து அந்தப் பழைய பூட்டையும் சாவியையும் எடுத்து மேசைமேல் வைத்தார். நான் ரசீது அடிக்கத் தொடங்கினேன்.

"செல்லியம்மா எப்பிடி சார் இருக்குது?"

"பரீட்ச எழுதலிங்களேம்மா, ஆறாவது எப்பிடி சேத்துக்குவாங்க? அவங்கம்மாவோட ரிஷிவந்தியம் பக்கம் கரும்பு வெட்டப் போயிடுச்சி." கொஞ்சம் பொறுத்து, "நோட்டு டப்பாவ என்கிட்ட குடுத்துட்டுப் போச்சி. நா இன்னா பண்ணுவேன் அத வெச்சிகினு," என்றார்.

ஈச்சம்பாறை என்பதை இரண்டு தரம் தப்பாக அடித்தேன். அதே நேரத்தில் மேலேயிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் பொறிமேல் விழுந்தது. நான் வழக்கம்போல அலுமினியக் கிண்ணத்தை எடுத்து வைத்தேன்.

வியாகுலம் அண்ணாந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். நானும் பார்த்தேன். ஓட்டின் அடிப்பக்கத்தில் சுண்ணாம்பில் ஏழு என்று எழுதியிருந்தது. அதற்குப் பக்கத்தில் பதினொன்று. கொஞ்சம் தள்ளி மூன்று, பதினாறு. இத்தனை மாதம் அந்த ஓட்டுக்குக் கீழேதான் உட்கார்ந்திருக்கிறேன், அது என்ன எழுத்து என்று நான் யோசித்ததே இல்லை.

கத்துவார் என்று நினைத்தேன். கத்தினால் தேவலை என்றுகூட இருந்தது. அவர் ரசீதை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"ஏழாம் நம்பர் ஓடும்மா அது," என்றார். "அத ஒண்ண மாத்துனா ஒங்களுக்கு ஒழுவாது."

குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். நான் மேசையைச் சுவரோரமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, மூட வேண்டிய அடுத்த பள்ளியின் உத்தரவை எடுத்தேன்.